அந்த லேப்டாப்பை அனுப்பாதே

அல்வால், செகந்திராபாத்
25 ஜனவரி 2026, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வர்ஷினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எனக்கு இடது தோள்வலி கொஞ்சம் ஏறியிருக்கிறது, இரண்டையும் கூட்டிக் கழித்தால் வீடு நலமாகவே இருக்கிறது. அங்கே ஸ்வீடனில் அந்தக் குளிரிலும் இருட்டிலும் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், நல்லபடியாக இருக்க வேண்டும். வாரா வாரம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, காகிதத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் நாலாவது வார்த்தைக்கு வருவதற்குள் நீ பதில் சொல்லி முடித்துவிடுகிறாய், அப்புறம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதோடு சரி. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பதும் எனக்குத் தெரியும், மெதுவாகவே படி, எனக்கும் அதுதான் வேண்டும். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, கதைப் புத்தகத்திலும் அப்படிச் செய்கிறவள் நீ. நாளைக்குக் குடியரசு தினம், தபாலாபீஸ் கிடையாது, செவ்வாய்க்கிழமைதான் போடுவேன், வந்து சேர இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை போனில் நீ எதைக் கேட்டாலும் கடிதத்தில் இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது நினைவிருக்கிறதா? பார்ட்ஸ் வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறேன் என்று சொன்னேன். நீ சிரித்தாய். சிரித்ததைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, நானே கண்ணாடி முன்னால் ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தவள்தான். பிறகு, உன் பழைய லேப்டாப் சும்மாதான் கிடக்கிறது, கூட வேலை பார்க்கும் ஸ்ரேயா மார்ச் மாதம் ஹைதராபாத் வருகிறாள், அவளிடம் கொடுத்து விடுகிறேன், காசை வீணாக்காதே என்றாய். அதையும் அக்கறை என்றே எடுத்துக்கொண்டேன். மூன்றாவதாக ஒன்று கேட்டாய், இனிமேல் உனக்கு யாரும்மா வேலை கொடுப்பார்கள் என்று. அதை மட்டும் இங்கிலீஷில் கேட்டாய். தமிழில் கேட்டிருந்தால் உனக்கே நாக்கு கூசியிருக்கும். கோபத்தில் கேட்கவில்லை, கடைக்குப் போகிறவளிடம் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல் சாதாரணமாகக் கேட்டாய். அந்தச் சாதாரணம்தான் என்னை நான்கு நாள் தூங்கவிடவில்லை. ஐந்தாம் நாள் சரியாகத் தூங்கிவிட்டேன், அதற்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

நான் பி.இ. சிவில் படித்தவள் என்பது உனக்கு நம் ஷோகேஸில் இருக்கும் பொம்மை மாதிரி, இருக்கிறது என்று தெரியும், கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஆபீஸில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு கட்டடத்தின் சுமை எந்தக் கூரையிலிருந்து எந்த பீமுக்கு வந்து எந்தத் தூண் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது என்று கணக்குப் போட்டு வரைவதுதான் என் வேலை. கல்யாணமாகி அப்பா வேலை பார்க்கும் இந்த ஊருக்கு வந்தேன், அடுத்த வருஷம் நீ பிறந்தாய். நீ பள்ளிக்கூடம் போகட்டும் என்றேன், பத்தாவது முடிக்கட்டும் என்றேன், காலேஜில் சேரட்டும் என்றேன், சொன்னதெல்லாம் நான்தான். யாரும் என்னைத் தடுக்கவில்லை கண்ணு. எனக்கு இன்றைக்கும் அதில்தான் கோபம். போகாதே என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது போயிருப்பேன். யாரும் எதுவும் சொல்லாததால் இருபத்துநான்கு வருஷம் தானாகப் போய்விட்டது, நானும் காலனிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, கை சும்மா இல்லையே என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தேன். உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று உன் மேஜையைத் துடைத்தேன். துடைத்து முடித்ததும் அடுத்து என்ன என்று ஒரு கேள்வி வந்தது, அதே மேஜையை மறுபடி துடைத்தேன்.

போன ஜூனிலிருந்து நான்கு மாதம் அமீர்பேட்டையில் ஒரு கிளாஸுக்குப் போனேன். உன்னிடம் யோகா என்று சொல்லியிருந்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் யோகா என்றதும் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்று நினைத்தால் கேட்கத் தோன்றவில்லை. கட்டடத்தை முப்பரிமாணத்தில் மாடல் செய்யும் மென்பொருள் அங்கே சொல்லித்தருகிறார்கள். உன் வயதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர், நடுவில் நான். முதல் நாள் யாருடைய அம்மாவோ என்று நினைத்து, ஃபீஸ் கட்டும் இடம் கீழே இருக்கிறது ஆன்ட்டி என்று வழி சொன்னார்கள். கோர்ஸ் முடிகிற சமயம் மாதாப்பூரில் ஒரு நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கும் ஸ்ரீனிவாஸ் என்பவர் வந்து எல்லோருடைய வேலையையும் பார்த்தார். என்னிடம் வந்ததும், இதற்கு முன்னால் ஆபீஸில் வரைந்திருக்கிறீர்களா மேடம் என்று தெலுங்கில் கேட்டார், ஆமாம் என்றேன், எப்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே செய்யும் ஒப்பந்த வேலை இருக்கிறது, இரண்டு நிபந்தனை என்றார். கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும், அவர் தரும் வரைபடங்களை வைத்து ஐந்து மாடி ஆஸ்பத்திரி ஒன்றை முழுதாக மாடல் செய்து ஜனவரி பதினேழாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். தேதி தாண்டினால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், மறுபடி எப்போது ஆள் எடுப்பார்கள் என்று அவருக்கே தெரியாது. டிசம்பரில் கோப்பு வந்தது. அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் அது திறக்கவே நாற்பது நிமிஷம் ஆயிற்று, தரைத்தளத்தை லேசாகத் திருப்பினேன், அப்படியே உறைந்துவிட்டது. உன் பழைய லேப்டாப்பின் மாடல் நம்பரையும் அப்போதே போட்டுப் பார்த்தேன், அதில் மெமரி எட்டு ஜிபி, கூட்டவும் வழியில்லை. ஸ்ரீனிவாஸ் கேட்டது முப்பத்திரண்டு. அதைச் சொல்ல நான் வாயெடுத்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது.

கையில் எழுபதாயிரம் இருந்தது, பதினோரு வருஷ டியூஷனில் நான் மிச்சம் பிடித்தது. அப்பாவிடமும் உன்னிடமும் ஒரு ரூபாய் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மானிட்டரும் கீபோர்டும் பழையதே போதும். மூன்று வாரம் படித்தேன், ஹிந்தியிலும் தெலுங்கிலும் தமிழிலும் பையன்கள் போடும் வீடியோவெல்லாம் பார்த்தேன், எல்லோரும் விளையாட்டுக்காகவே கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள், ஒருவர்கூட ஆஸ்பத்திரிக்காகக் கட்டவில்லை. முதலில் தலை சுற்றியது. பிறகு ஒரு மத்தியானம், இதுவும் கட்டடம்தானே என்று பிடிபட்டது. எஸ்.எம்.பி.எஸ் என்று ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறதே, சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி ஒவ்வொரு பாகத்துக்கும் அளந்து பிரித்துக் கொடுப்பது, அதுதான் அஸ்திவாரம். யார் கண்ணுக்கும் தெரியாது, யாரும் அதைப் புகழ்ந்து பேச மாட்டார்கள், அது சரியில்லை என்றால் மேலே இருப்பதெல்லாம் ஒருநாள் சேர்ந்து எரிந்துபோகும். அதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று முதல் வரியாக எழுதினேன். மெமரி விலையைப் பார்த்தபோது வயிறு எரிந்தது, நாலு மாதத்தில் இரண்டு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. உலகத்து மெமரியையெல்லாம் ஏ.ஐ. கம்பெனிகள் அள்ளுகின்றனவாம், அதற்கு அல்வாலில் இருக்கும் நான் அபராதம் கட்ட வேண்டியிருக்கிறது. ஸ்ரீனிவாஸ் கேட்ட அளவைக் குறைக்க முடியாது, வேறு இடங்களில் குறைத்தேன். கலர் கலராக விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி வேண்டாம், தகரப் பெட்டி போதும். ப்ராசஸரில் திரைக்குப் படம் அனுப்பும் வசதி இல்லாத ரகம் ஒன்று விலை குறைவாகக் கிடைக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு தனியாக வாங்கத்தானே போகிறோம், அதுவே போதும் என்று முடிவு பண்ணினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் என்னை இது ஒன்றரை மணி நேரம் அழவைத்தது.

அப்பா வந்து பட்டியலைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகப் பாதுகாப்புத் துறை ஸ்டோர்ஸில் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் மனிதர், சும்மா விடுவாரா? ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, பொருள், அளவு, மூன்று கடையின் கொட்டேஷன், குறிப்பு என்று ஒப்பீட்டுப் பட்டியல் தயார் பண்ணினார். நான் ஒவ்வொன்றுக்கும் கம்பெனி பெயரும் மாடலும் எழுதி வைத்திருந்தேன், அதையெல்லாம் அடிக்கச் சொன்னார். "பேர் போடக் கூடாது உஷா, ஸ்பெசிஃபிகேஷன் மட்டும்தான் போடோணும், இல்லீனா ஆடிட்ல கேள்வி வரும்" என்றார். நம் வீட்டுக்கு எந்த ஆடிட் வருகிறது என்று நான் சிரித்தேன், ஆனால் அவர் சொன்னபடியே அடித்துவிட்டு எழுதினேன். ஏன் எழுதினேன் என்று பிறகு யோசித்தேன். என் காரியத்துக்கு அவர் ஆபீஸ் பேனாவை எடுத்தது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அப்படி, எதில் கை வைக்கக் கூடாது என்று நினைத்தேனோ அதற்கு நேராக என் கையாலேயே 550 வாட் எஸ்.எம்.பி.எஸ், ஒன்று என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாம் தேதி சனிக்கிழமை பார்க் லேன் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போனோம். ஏறி இறங்கிய எல்லாக் கடையிலும் கேள்வியை அப்பாவிடம்தான் கேட்டார்கள், பட்டியல் என் கையில் இருக்கிறது, கண் அவர் மேல் இருக்கிறது. மூன்றாவது கடையில் இர்பான் என்று ஒருவர், உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார், பட்டியலைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "மேடம் கு இத்னா கைக்கு சார், சீரியல் தேக்னே கு ஐ-த்ரீ பஸ்" என்றார். சீரியல் பார்க்க மேடத்துக்கு இவ்வளவு எதற்காம், ஐ-த்ரீ என்கிற சின்ன ப்ராசஸரே போதுமாம். அப்பா அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். நான், "சீரியல் நக்கோ பாய், பாஞ்ச் மாலே கா தவாகானா பனானா ஹை" என்றேன், ஐந்து மாடி ஆஸ்பத்திரி கட்ட வேண்டியிருக்கிறது என்று. அவர் மறுபடி அப்பாவைப் பார்த்தார், இந்த அம்மாவுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்வதுபோல. அப்பா இந்தத் தடவை சிரிக்காமல் ஹவ், ஆமாம், என்று தலையாட்டினார், அதற்கப்புறம் இர்பான் கேள்வியை என்னிடம் கேட்க ஆரம்பித்தார். மதர்போர்டு, ப்ராசஸர், மெமரி, கார்டு எல்லாம் நானே பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துச் சரிபார்த்து வாங்கினேன். கடைசியில் தகரப் பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை என்று வேறொன்று எடுக்க அவரோடு உள்ளே போனேன், அந்தப் பத்து நிமிஷத்தில் மிச்சமிருந்த ஒரே ஒரு பொருளைக் கடைப்பையனிடம் சொல்லி அப்பா எடுத்து வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தேன். எஸ்.எம்.பி.எஸ் இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கியதும் கை நின்றுவிட்டது. காலி டிபன் பாக்ஸ் கனம்தான் இருந்தது. நான் படித்தவற்றிலெல்லாம் அதன் கனத்தைப் பற்றிப் படித்திருந்தேன், உள்ளே உருப்படியாக ஏதாவது இருந்தால் கனக்கும். இது தொள்ளாயிரம் ரூபாய், நான் மனதில் வைத்திருந்தது நாலாயிரத்துச் சொச்சம். 550 என்று மேலே எழுதியிருக்கிறது பார் என்று அப்பா ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். எழுதியிருந்தால் தூணுக்கு பலம் வந்துவிடுமா என்று கேட்டேன். எல்-ஒன்னுக்குத்தானே கொடுக்கோணும், எது விலை குறைவோ அதற்குத்தான் ஆர்டர், ஸ்பெசிஃபிகேஷன் நீ எழுதினதுதானே என்றார். அதில் தப்பே இல்லை, அவர் விதிப்படி சரியாகத்தான் செய்திருந்தார், அதனால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பரவாயில்லை, இப்போதைக்கு இதை மாட்டு, வேலை வந்தால் பிறகு நல்லது வாங்கிக்கொள்ளலாம் என்றார். வேலை வந்தால். நீ இங்கிலீஷில் கேட்டதைத்தான் அவர் தமிழில், வேறு வார்த்தையில் சொன்னார். அப்போது நான் சத்தமே போடாமல் ஒன்று சொன்னேன். "வர்ஷினிக்கு லேப்டாப் வாங்கினப்போ நீங்க மூணு கொட்டேஷன் கேட்கலைங்க." அவர் பட்டியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நீ காலேஜ் சேர்ந்த அந்த ஆகஸ்ட் மாதம் நினைவிருக்கிறதா, உள்ளே போன முதல் கடையில், நீ கை காட்டிய லேப்டாப்பை, பேரம்கூடப் பேசாமல் வாங்கித் தந்தார். அன்றைக்கு அது எதற்கு என்று உன்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காததில் எனக்குச் சந்தோஷம்தான், இப்போதும் சந்தோஷம்தான். எனக்கும் ஒருவர் அப்படிக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்கிறேன்.

திங்கட்கிழமை தனியாக பஸ் ஏறிப் போனேன். இர்பான் பில்லைப் பார்த்துவிட்டு, "காகஸ் பே 550 வாட் இச் லிக்கே ஹை நா மேடம்" என்றார், காகிதத்தில் நீங்கள் எழுதியதைத்தானே கொடுத்தோம் என்று. ஆமாம், எழுதியது நான், தப்பு என்னுடையது, இதை எடுத்துக்கொண்டு நல்லதைக் கொடுங்கள் என்றேன். பெட்டியைத் திறக்காததால் எடுத்துக்கொண்டார். ஆனால் வித்தியாசம் மூவாயிரத்து முந்நூறு, அதற்கு ஒதுக்கியிருந்ததை சனிக்கிழமை இன்னும் ஏறியிருந்த மெமரியும் மாற்றிய தகரப் பெட்டியும் தின்றுவிட்டன, பர்ஸில் இருந்தது பஸ் காசு. கடை வாசலில் நின்று யோசித்தேன் வர்ஷினி. உனக்குப் போன் பண்ணினால் ஒரு நிமிஷத்தில் அனுப்புவாய். அப்பாவுக்குப் பண்ணினால் ஏ.டி.எம். போய்விடுவார். இரண்டு பேருமே எனக்கு வேண்டாம் என்று இருந்தது. சீல் உடைக்காத கிராஃபிக்ஸ் கார்டையும் பையில் கொண்டுபோயிருந்தேன், மனசுக்குள் முதலிலேயே முடிவு பண்ணியிருந்தேன் போலிருக்கிறது. புதுக் கார்டைக் கொடுத்துவிட்டு, மூன்று வருஷம் ஓடிய பழைய கார்டு ஒன்றை வாங்கிக்கொள்கிறேன், மிச்சத்தை எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு ஈடு கட்டுங்கள் என்று சொன்னேன். இர்பானுக்கு நம்ப முடியவில்லை. எல்லோரும் கார்டைத்தான் பார்ப்பார்கள், எஸ்.எம்.பி.எஸ்ஸை யார் பார்க்கிறார்கள் மேடம், நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள் என்றார். நான் அஸ்திவாரத்திலிருந்து மேலே போகிறவள், உங்களுக்கு அது தலைகீழாகத் தெரிகிறது என்றேன். பழைய கார்டை அரை மணி நேரம் என் கண்முன்னால் ஓடவிட்டுக் காட்டச் சொன்னேன், ஸ்டூல் போட்டார், உட்காராமல் நின்றே பார்த்தேன். திரும்பும்போது பையில் அந்த இரும்புப் பெட்டி பஸ் முழுக்கத் தொடையை அழுத்திக்கொண்டே வந்தது, நல்ல கனம்.

சாயங்காலம் வந்து பார்த்தால் அப்பாவின் ஒப்பீட்டுப் பட்டியல் மேஜைமேல் இருந்தது. குறிப்புக் கட்டத்தில், எல்-ஒன் தரக்குறைவு காரணமாக நிராகரிக்கப்படுகிறது, பயனாளரின் பரிந்துரைப்படி எல்-த்ரீ ஏற்கப்படுகிறது என்று இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கீழே பயனாளர் என்று எழுதி என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் எல்-ஒன்னைத் தள்ளியது இது இரண்டாவது தடவையாம். முதல் தடவை என்ன பொருள் என்று கேட்டேன், அது பாதுகாப்பு ரகசியம் என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். கையெழுத்துப் போட்டேன். அது இப்போது அந்தத் தகரப் பெட்டியின் பக்கவாட்டுக் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அசெம்பிள் செய்தேன். தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவர்தான் ஆயுதம். ப்ராசஸரை அதன் குழியில் வைத்துக் கம்பியை அழுத்தும்போது ஏதோ நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் வருகிறது, வரும் என்று படித்திருந்தும் உயிர் போய் வந்தது. மெமரி பட்டையைச் சொருகுவதற்குத் தேங்காய் உரிக்கிற பலம் வேண்டியிருக்கிறது, இத்தனை மெல்லிய பொருளுக்கு. அப்பா ஐந்தரைக்கு வந்து டார்ச் பிடித்தார், இரண்டு ஸ்க்ரூ கீழே விழுந்ததைத் தேடிக் கொடுத்தார். ஆறு மணிக்கு ஸ்விட்ச் போட்டேன். விசிறியெல்லாம் சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினேன், கறுப்பு. மெமரியை எடுத்துத் திரும்பச் சொருகினேன், கறுப்பு. பழைய கார்டு போய்விட்டது, என் திமிருக்குக் கிடைத்தது என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது, அப்பா பார்க்காமல் இருக்க மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் பார்த்துவிட்டார். பாப்பாவை வீடியோவில் கூப்பிடலாமா, அவளுக்கு ஒரு நிமிஷ வேலை என்று போனைக் கையில் எடுத்தார். வேண்டாம் என்றேன். மெக்கானிக் யாரையாவது என்றார். யாரும் வேண்டாம், இன்னும் ஒரு மணி நேரம் என்னிடம் பேசாதீர்கள் என்றேன். நீ இதைப் படித்து வருத்தப்படாதே, நீ ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாய், அதனால்தான் கூப்பிடவில்லை. பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, சுமை இறங்கும் பாதையை வரைவதுபோல் கரண்ட் போகும் பாதையை வரைந்தேன். சுவர், எஸ்.எம்.பி.எஸ், போர்டு, ப்ராசஸர். படம் எங்கே பிறக்கிறது? இந்த ப்ராசஸரில் பிறக்காது, விலை குறைகிறது என்று அந்த வசதி இல்லாத ரகத்தை நான்தானே தேடி வாங்கினேன். கார்டில்தான் பிறக்கும். எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன், மானிட்டர் ஒயரைப் பழைய கம்ப்யூட்டர் வழக்கப்படி மதர்போர்டில் சொருகி வைத்திருக்கிறேன். பிடுங்கி நாலு விரல் கீழே, கார்டில் சொருகினேன். திரை வந்துவிட்டது. ஏழரை மணி. அப்பா டார்ச்சை அணைக்க மறந்து பிடித்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் வேலைதான், சொல்வதற்குக் கதையாக ஒன்றும் இல்லை. சங்கராந்திக்கு ஊர் காலியாகிவிட்டது, மொட்டை மாடிகளில் காற்றாடி விடுகிற சத்தம், பொங்கலன்று சூரியனுக்குப் படைத்த கையோடு உட்கார்ந்து கடைசி மாடி முடித்தேன். பழைய கார்டு மெதுவாகத்தான் ஓடுகிறது, ஆனால் நின்றதில்லை, கட்டடத்தை முழுதாகச் சுற்றிப் பார்க்க முடிகிறது. அப்படிச் சுற்றிப் பார்க்கும்போது மூன்றாம் மாடியில் ஒரு தூண் தென்பட்டது, அதற்கு நேர்கீழே இரண்டாம் மாடியில் தூணும் இல்லை, தாங்குகிற பீமும் இல்லை. காகித வரைபடத்தில் ஒவ்வொரு மாடியும் தனித்தனித் தாள் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. மாடல் மட்டும்தான் அவர்கள் கேட்டது, நான் சிவப்பில் ஒரு குறிப்பும் போட்டு, பதினாறாம் தேதி சாயங்காலம் அனுப்பிவிட்டேன். புதன்கிழமை ஸ்ரீனிவாஸ் போன் பண்ணினார். கதவு மட்டங்களில் பதினொரு தப்பு இருக்கிறது மேடம் என்று ஒவ்வொன்றாகப் படித்தார், எல்லாம் உண்மையான தப்புகள், குறித்துக்கொண்டேன். பிறகு அந்தத் தூணைப் பற்றிக் கேட்டார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. சுமை எங்கே போகிறது என்று பார்ப்பது பழக்கம் என்றேன். பிப்ரவரி இரண்டாம் தேதி முதல் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே ரேட், ஆறு மாத ஒப்பந்தம் என்றார். முடிக்கும்போது, நீங்கள் அனுப்பிய சிஸ்டம் விவரம் நன்றாக இருக்கிறதே, ஸ்வீடனில் இருப்பதாகச் சொன்னீர்களே, அந்த மகள் சொல்லிக்கொடுத்துச் செய்ததா என்று சாதாரணமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம், உன்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் கேட்டார். இல்லை சார், நானே செய்தது, பார்ட்ஸ் தேர்வு செய்ததும் நான்தான் என்றேன். அப்படியா என்றார். அப்படித்தான் என்றேன்.

யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் ஸ்ரீனிவாஸ் போன் பண்ணாமலே இருந்திருந்தாலும் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்கும், கம்ப்யூட்டரையும் விற்றிருக்க மாட்டேன். வேலை கேட்டு அடுத்த கம்பெனி வாசலில் போய் நின்றிருப்பேன், அவ்வளவுதான். கேட்டதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். வருத்தம் இருந்தது, இதை எழுதி முடிக்கிற இந்த நேரத்தில் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. உனக்கும் ஒருநாள் நாற்பத்தேழு வயதாகும், அப்போது உன்னிடம் யாராவது இதே கேள்வியை எந்த மொழியில் கேட்டாலும் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டு.

ஸ்ரேயாவிடம் அந்த லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பாதே. அனுப்பினால் பிரிக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுப்பேன். அங்கேயே யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடு. எனக்கு ஏதாவது அனுப்பியே ஆக வேண்டும் என்று தோன்றினால் நுனியில் காந்தம் வைத்த நல்ல ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று வாங்கி அனுப்பு, விலையைச் சொல், பணம் போட்டுவிடுகிறேன். முதல் சம்பளத்தில் அப்பாவின் கம்ப்யூட்டரைப் பிரிக்கப் போகிறேன், அவர் இப்போதே கட்டம் போட ஆரம்பித்துவிட்டார், இந்தத் தடவை கம்பெனி பெயர் எழுத ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறார். குளிருக்கு எண்ணெய் தேய்க்காமல் இருக்காதே, முகம் வறண்டு தெரிகிறது. ராகி மாவு தீர்ந்துவிட்டால் சொல், ஸ்ரேயாவின் அம்மாவிடம் கொடுத்து வைக்கிறேன். நீ நீண்ட ஆயுளோடும் திடமான உடம்போடும், மனதுக்குச் சரி என்று பட்டதைச் செய்கிற பிடிவாதத்தோடும் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வேண்டிக்கொள்கிறோம். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் அப்பா வீட்டுப் பக்கம் கை காட்டாதே.

ஒன்றை மறந்துவிடாதே. பிப்ரவரி இரண்டிலிருந்து வார நாட்களில் நம் நேரம் பதினொரு மணிக்குக் கூப்பிடாதே. எனக்கு மீட்டிங் இருக்கும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா,
உஷா தண்டபாணி, பி.இ.